கோடுகளுக்குள் ஒரு கொண்டி

அத்தியாயம் 3

“சார், கையெடுத்துக் கும்பிடுதேன். அதைச் சுருட்டி வைங்க. இன்னும் செத்த நேரம் பாத்தேன்னா, காலையில தின்ன இட்லி உங்க மொசைக் தரைக்கு வந்துரும்.”

பால்பாண்டி சுவரைப் பிடித்துக்கொண்டான். மேஜைமேல் ஒரு கண்ணாடித்தாள் விரிந்து கிடந்தது. அதில் கறுப்பு மையில் அச்சடித்த கோடுகளைத் தவிர வேறொன்றுமில்லை. மயிரிழை போன்ற கோடுகள் வட்டத்துக்குள் வட்டமாக நெருங்கி, ஓரிடத்தில் லேசாக விலகி, மறுபடியும் நெருங்கின. தாள் என்னவோ சும்மாதான் கிடந்தது. ஆனால் பார்க்கிறவன் கண்ணுக்கு வட்டம் சுழன்றது. நடுப்பகுதி மூச்சு வாங்குவதுபோல் புடைத்தது, அமுங்கியது.

“அதுதான் தம்பி இதோட வித்தை,” என்றார் ராக்கப்பன். “படம் நிக்கும். கண்ணுதான் ஓடும்.”

ராக்கப்பனை 1992-ல் ராஜபாளையத்தில் தெரியாதவர்கள் இல்லை. பஞ்சு மில்லில் பேல் மூட்டைகளுக்கு முத்திரை குத்துகிற வேலையில் தொடங்கியவர். ஸ்க்ரீன் பிரின்டிங் என்றால் கல்யாணப் பத்திரிகை என்று மட்டும் நினைத்திருந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு, அதே சட்டத்தையும் வலையையும் மையையும் வைத்து டெல்லிக்கும் பாரீஸுக்கும் படம் அனுப்புகிறவர். அவருடைய கூடத்துச் சுவரெங்கும் கறுப்பு வெள்ளைச் சதுரங்களும் வளையங்களும் அலையடித்துக்கொண்டிருந்தன. மறுநாள் மாலை சொந்த ஊரில் அவருக்கு முதல் கண்காட்சி. பஜாரில் அவர் முகம் போட்ட துணி பேனர் காற்றில் படபடத்துக்கொண்டிருந்தது.

எதிரே நாற்காலியில் பரிபூரணம் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தாள். போலீஸில் சப்-இன்ஸ்பெக்டராக இருந்தவள். மேலதிகாரி ஒருவரிடம் ஓர் உண்மையைக் கொஞ்சம் சத்தமாகச் சொல்லிவிட்டு, வேலையை உதறிவிட்டு வந்து, மதுரையில் துப்பறியும் ஆபீஸ் நடத்துகிறாள். பால்பாண்டி அவளுடைய உதவியாள். ஆபீஸில் வாய் அவனுடையது, காது அவளுடையது.

“எத்தனை தாள் வந்துச்சு?” என்று கேட்டாள்.

“மூணு. எல்லாம் தபால்ல. அனுப்புனவன் பேரு கிடையாது. ஒவ்வொரு தாள்லயும் கோட்டுக்குள்ள ஒரு வார்த்தை ஒளிஞ்சிருக்கு. மொதல்ல வந்ததுல ‘கொண்டி’. அடுத்ததுல ‘போட்டது’. நேத்து வந்ததுல ‘நீ’.”

“கொண்டி போட்டது நீ,” என்று சேர்த்துச் சொல்லிப் பார்த்தாள் பரிபூரணம். “எந்தக் கதவுக் கொண்டி சார்?”

“எனக்கென்னம்மா தெரியும்? எவனோ பொறாமை பிடிச்ச பய மிரட்டுறான்.”

பால்பாண்டி ஒரு கண்ணை மூடிப் பார்த்தான். தலையைச் சாய்த்துப் பார்த்தான். நாலடி பின்னால் போயும் பார்த்தான். “எனக்கு ஒரு எழுத்தும் தெரியலையே சார்.”

“பழகுன கண்ணு வேணும் தம்பி.”

“எங்க அம்மாவும் அதைத்தான் சொல்லும். எங்க அப்பா லட்சணத்தைப் பாக்கப் பழகுன கண்ணு வேணுமாம்.”

ராக்கப்பன் சிரிக்கவில்லை. பரிபூரணம் தாளைச் சன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். அவள் கண்ணுக்கும் எழுத்து எதுவும் சிக்கவில்லை என்பது பால்பாண்டிக்குத் தெரிந்தது. சிக்கியிருந்தால் அவள் இடது புருவம் ஏறியிருக்கும்.

“போலீசுக்குப் போயிருக்கலாமே?”

“போனா நாளைக்குப் பேப்பர்ல வரும். நாளைக்குத்தான் என் கண்காட்சி.” ராக்கப்பன் குரலைத் தாழ்த்தினார். “ஆளைக் கண்டுபிடிங்க. கோர்ட்டு, ஜெயிலுன்னு நாய் படாத பாடு படுத்தி, இனிமே ஜென்மத்துக்கும் அவன் கையில மை படாம ஆக்கணும். அதைப் பாத்தாத்தான் எனக்குத் தூக்கம் வரும்.”

அந்தக் கடைசி வாக்கியத்தை அவர் சொன்ன விதத்தில், அறையில் ஓடிய மின்விசிறியின் காற்று திடீரென்று குளிர்ந்ததுபோல் இருந்தது பால்பாண்டிக்கு. அவரையும் பார்க்கப் பிடிக்காமல், கோடுகளையும் பார்க்க முடியாமல், தாளின் வெற்று ஓரத்தில் கண்ணை நிறுத்தினான்.

அங்கே ஒரு கிளி இருந்தது.

“அக்கா,” என்றான் மெதுவாக. “இந்த ஓரத்தைச் சாய்ச்சுப் பிடிங்க.”

சாய்த்தாள். வெளிச்சம் தாளில் வழுக்கியபோது, துடைத்தும் போகாத கறைபோல் வெளிறிய பச்சையில் ஒரு கிளி தெரிந்தது. தலை இடப்பக்கம் திரும்பியிருந்தது. வால் மேல்நோக்கித் தூக்கியிருந்தது. கீழே பாதி வார்த்தை, ‘கோவா’.

பரிபூரணத்தின் இடது புருவம் ஏறியது. “இந்தத் தாள் எங்ககிட்ட இருக்கட்டும் சார்,” என்று சுருட்டிக்கொண்டு எழுந்தாள்.

வெளியே வந்து ஸ்கூட்டரை உதைத்தபடி கேட்டாள். “அது என்னலே கிளி?”

“ஆவி அக்கா. நான் தேர்தலுக்கு பேனர் அடிச்சவன்ல? ஸ்க்ரீன்ல பழைய படத்தைச் சரியாக் கழுவாம அடுத்த படத்தை அடிச்சா, பழசு ஆவி மாதிரி வந்து நிக்கும். ஒரு தடவை பழைய வேட்பாளர் மீசை புது வேட்பாளர் மூஞ்சியில ஏறிருச்சு. நாலு மீசையோட நின்னாரு மனுசன்.”

“ஜெயிச்சாரா?”

“மீசைக்கு ஒரு ஓட்டுன்னாலும் ஜெயிச்சிருக்கணும். டெபாசிட்டே போச்சு.”

கிளியும் ‘கோவா’வும் சேர்ந்தால் அது எந்த ஊர் என்று அந்தப் பக்கத்தில் யாரும் யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. ஸ்கூட்டர் ஸ்ரீவில்லிபுத்தூர் சாலையில் ஏறியது.

கோபுரத்தைச் சுற்றியிருந்த தெருக்களில் பால்கோவாக் கடைக்குப் பஞ்சமில்லை. கிளிக்கும் பஞ்சமில்லை. ஒரு கடையின் அட்டைப்பெட்டியில் கிளி வலப்பக்கம் பார்த்தது. இன்னொன்றில் ஜோடிக் கிளி. வேறொன்றில் கிளி பறந்தது. ஒவ்வொரு கடையிலும் பெட்டியைப் பார்க்க வேண்டுமென்றால் சரக்கு வாங்க வேண்டும் என்பது பால்பாண்டியின் கட்சி. வாங்கினால் தின்ன வேண்டும் என்பது அவனுடைய இன்னொரு கட்சி.

“துப்புத் துலக்குற வேலையில இம்புட்டு நெய் இருக்குன்னு தெரிஞ்சிருந்தா நான் எப்பவோ சேந்திருப்பேன்.”

“வாயைத் துடைச்சிட்டு அங்க பாரு,” என்றாள் பரிபூரணம்.

தேரடிக்கு அருகில் ஒரு சின்னக் கடை. கல்லாவுக்குப் பின்னால் அடுக்கியிருந்த பெட்டிகளில் ஒரு பச்சைக் கிளி இடப்பக்கம் பார்த்துக்கொண்டு வாலைத் தூக்கிக்கொண்டிருந்தது. பரிபூரணம் தாளை விரித்துப் பக்கத்தில் பிடித்தாள். அச்சு அசல்.

கடைக்காரர் சமுத்திரம் தாளை ஒருமுறை பார்த்துவிட்டுக் கண்ணைக் கசக்கினார். “என்னம்மா இது, கண்ணைப் பிடுங்குது? பொட்டி அடிக்கிறது செல்லத்தாய். மடவார் வளாகத்துல கோயிலுக்குப் பின்பக்கம் வீடு. நல்ல பொம்பளை. அளந்து பேசும். அதுக்கு ஏதும் தொந்தரவு இல்லையே?”

“தெரியலைங்க. பாத்துட்டுச் சொல்றேன்,” என்றாள் பரிபூரணம்.

வீட்டு முற்றத்துக் கயிற்றில் கிளிகள் வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தன. தின்னர் வாடை மூக்கை அடைத்தது. நாற்பது வயதிருக்கும் ஒருத்தி, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, மரச்சட்டத்தின் மேல் ரப்பர் பட்டையை இழுத்து மை பரப்பிக்கொண்டிருந்தாள். வலது உள்ளங்கை முழுவதும் வெந்து சுருங்கிய தழும்பு. வந்தவர்களையும், பால்பாண்டி கையிலிருந்த சுருளையும் பார்த்தாள். பட்டையைக் கீழே வைத்தாள். பயந்த மாதிரி தெரியவில்லை. ரொம்ப நாளாக வராத பஸ் வந்து நின்றால் பார்ப்பார்களே, அப்படிப் பார்த்தாள்.

“இது நீங்க அடிச்சதா?” என்றாள் பரிபூரணம்.

“ஆமா.”

பால்பாண்டிக்கு ஏமாற்றமாகிவிட்டது. “கொஞ்சம் மறுத்துப் பேசுங்கக்கா. நாங்க இவ்வளவு பால்கோவா தின்னு கண்டுபிடிச்சிருக்கோம்.”

“எதுக்கு மறுக்கணும்? யாராவது கேட்டு வர மாட்டாகளான்னுதானே அடிச்சேன்.” செல்லத்தாய் கையைத் துணியில் துடைத்தாள். “எந்த ஆளு அனுப்பி வாரீக?”

“அதைச் சொல்றது எங்க தொழிலுக்குச் சரியில்லை,” என்றாள் பரிபூரணம்.

“பேரைச் சொல்ல வேண்டாம். நான் இதை நாலு பேருக்கு அனுப்புனேன். நாலு பேரும் எங்க வீட்டுக்காரவுகளோட பழகுனவுக. பொறவு நானே போயி மறைஞ்சு நின்னு பாத்தேன். ஒருத்தரு மகன் புத்தகத்துக்கு அட்டை போட்டுட்டாரு. ஒருத்தரு சைக்கிள் கடை வச்சிருக்காரு, வெயில் படாம தட்டியில ஒட்டிட்டாரு. இன்னொருத்தரு தபால்காரரை வஞ்சு திருப்பி அனுப்பிட்டாரு. அவுகளுக்கு அது வெறும் கோடு.” அவள் ஓரடி முன்னால் வந்தாள். “உங்களை அனுப்புன ஆளு, தாள்ல ஏதும் எழுதியிருக்குன்னு சொன்னாரா?”

பரிபூரணம் வாயைத் திறப்பதற்குள் பால்பாண்டி முந்திக்கொண்டான். “கொண்டி போட்டது நீன்னு…”

செல்லத்தாய் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். மை டப்பா உருண்டு, பச்சை அவள் புடவையில் ஏறியது. அவள் அதைக் கவனிக்கவில்லை. முகத்தில் ஒன்றும் அசையவில்லை. ஆனால் அவள் கையிரண்டும் தரையைப் பிறாண்டின.

“அவன்தான்,” என்றாள். “அப்ப அவன்தான்.”

பால்பாண்டி தண்ணீர் மொண்டுவந்து கொடுத்தான். ஒரு வாய் குடித்தாள். பிறகு உள்ளே போய் ஒரு டிரங்குப் பெட்டியைத் திறந்து, ஒரு பெரிய காகிதத்தைக் கொண்டுவந்து விரித்தாள். இந்தியன் இங்க்கில் கையால் போட்ட வட்டக்கோடுகள். வெள்ளைக் காகிதம் கிணறுபோல் உள்வாங்கித் தெரிந்தது.

“எங்க வீட்டுக்காரவுக தவசிமுத்து போட்டது. சத்திரப்பட்டியில பேண்டேஜ் தறியில இருந்தாக. வலைத்துணி ரெண்டை ஒண்ணு மேல ஒண்ணு போட்டு நகட்டுனா, நடுவுல அலை ஓடும். ரெண்டு துணியிலயும் அலை கிடையாது. ரெண்டும் சேந்தாத்தான் வரும். அதைப் பாத்துப் பாத்துத்தான் அவுகளுக்கு இந்தப் பைத்தியம் பிடிச்சது. தறியை விட்டுட்டு ராஜபாளையத்துல ஸ்க்ரீன் பட்டறை போட்டாக. நான் கோடு இழுப்பேன், அவுக அதைச் சேர்ப்பாக.”

சொல்லிக்கொண்டே பால்பாண்டியின் கையிலிருந்த தாளை வாங்கி, அந்தப் படத்தின் மேல் வைத்து, சுட்டுவிரலால் ஓர் இம்மி நகர்த்தினாள்.

கோடுகள் கலங்கின. குளத்தில் கல் விழுந்ததுபோல் அலை பரவியது. அலைக்கு நடுவிலிருந்து, யாரோ அடியிலிருந்து தூக்கிவிட்டதுபோல், ஓர் எழுத்து மேலே வந்தது. நீ.

பால்பாண்டி தாளை நோக்கிக் குனிந்தான். வாயில் ஒரு கிண்டலும் வரவில்லை.

“தாள்ல பாதி, இதுல பாதி,” என்றாள் செல்லத்தாய். “ரெண்டும் சேராம எந்தக் கண்ணுக்கும் எழுத்து தெரியாது. எனக்கே தெரியாது.”

“இந்தப் படத்துக்கு வேற நகல் உண்டா?” பரிபூரணத்தின் குரல் மாறியிருந்தது.

“ஒரே ஒரு ஃபிலிம். எட்டு வருசத்துக்கு முன்ன, அவுக செத்த அன்னைக்குக் காலையிலதான் எடுத்தோம். கழுவி நான்தான் புறவாசல் கயித்துல காயப் போட்டேன். ஈரம், தொடாதன்னாக. கேக்காம தொட்டேன், ஓரத்துல என் கட்டைவிரல் பதிஞ்சிருச்சு. வஞ்சாக.” அவள் இடது கட்டைவிரலைக் காட்டினாள். பிளேடு கிழித்து ஆறிய வடு குறுக்கே ஓடியது. “மத்தியானம் நான் இந்தப் படத்தை வீட்டுல வச்சிட்டுச் சந்தைக்குப் போனேன். அவுக இருட்டறையில வேலையா இருந்தாக. சன்னல் இல்லாத அறை. திரும்பி வந்தா பட்டறை எரியுது. எல்லாரும் தின்னர்ல தீப்பிடிச்சிருச்சுன்னாக. நான் உள்ள ஓடுனேன். இருட்டறைக் கதவுக்கு வெளிப்பக்கம் கொண்டி போட்டிருந்தது. இந்தக் கையாலதான் திறந்தேன்.”

வெந்த உள்ளங்கையை மடியில் கவிழ்த்துக்கொண்டாள்.

“கொண்டி போட்டிருந்துச்சுன்னு சொன்னேன். புருசன் செத்த அதிர்ச்சியில பேசுதுன்னு எழுதுனாக. தீ புறவாசலுக்குப் போகவே இல்ல. கயிறு அப்படியே இருந்தது, கிளிப்பும் அப்படியே தொங்குச்சு. ஃபிலிம் மட்டும் இல்ல. அப்பத்தான் எனக்குப் பிடிபட்டது. எவன் அதை எடுத்தானோ அவன்தான் கொண்டியைப் போட்டவன். எவன்னுதான் தெரியல.”

“அப்ப ராக்கப்பன் இத்தனை வருசமா உங்க வீட்டுக்காரர் படத்தைத்தான் தன் பேர்ல போட்டு விக்கிறாரு,” என்றாள் பரிபூரணம். இனிமேல் பெயரை மறைப்பதில் அர்த்தமில்லை.

“தெரியும். கேட்டா, ‘தவசி எனக்குக் கொடுத்துட்டான்’னு சொல்லுவான். சிலதை இவுக கொடுக்கவும் செஞ்சாக. திருடனைக் காட்டலாம், கொன்னவனை எப்படிக் காட்ட? எல்லாப் படத்தையும் அச்சடிச்சான். இது ஒண்ணை மட்டும் எட்டு வருசமா வெளிய விடல. இது அன்னைக்குப் பிறந்த படம்னு அவனுக்குத் தெரியும்.” அவள் மூலையைக் காட்டினாள். அங்கே ஒரு பெரிய தின்னர் டின் இருந்தது. “சட்டம் என்னைய இன்னொருக்க பைத்தியம்னு சொல்லிச்சுன்னா அதை எடுத்துட்டு நான் போயிருவேன். கிளி அடிக்க அம்புட்டுத் தின்னர் வேண்டாம்.”

பரிபூரணம் டின்னையும் செல்லத்தாயின் கையையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“பாண்டி,” என்றாள் பரிபூரணம். “அந்த டின்னைத் தூக்கி ஸ்கூட்டர்ல வை.”

“அக்கா…”

“வையிலே.” அவள் செல்லத்தாய்க்கு எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். “உங்ககிட்ட நான் ஒரு நாள் கேக்குறேன். நாளைக்கு மத்தியானம் வரைக்கும். அந்த ஃபிலிமை அவர் கையாலயே எடுத்துக் கொடுக்க வைக்கிறேன். முடியலைன்னா டின்னைத் திருப்பித் தந்துருவேன்.”

செல்லத்தாய் அவள் முகத்தை உற்றுப் பார்த்தாள். “நானும் வருவேன்.”

“நீங்க இல்லாம எப்படி?”

மறுநாள் காலை ராக்கப்பனின் வீடு கல்யாண வீடுபோல் இருந்தது. மாலைகள் வந்து இறங்கின. வாசலில் இருந்தவர்களைத் தாண்டி பரிபூரணம் உள்ளே போனாள். கூடவே வேட்டி சட்டையில் ஓர் ஆள். மலைச்சாமி என்று பெயர். ராஜபாளையத்தில் சப்-இன்ஸ்பெக்டர், பரிபூரணத்தோடு ஒரே பயிற்சி முகாமில் வேர்வை சிந்தியவர். முந்தின மாலை பழைய தீவிபத்துக் கேஸ் கட்டைத் தேடியெடுத்துப் படித்திருந்தார். சம்பவத்தன்று மதுரையில் இருந்ததாகவும், திரும்பி வந்து பார்த்தபோது பட்டறையில் இருந்த எல்லாமே எரிந்துபோயிருந்ததாகவும் தவசிமுத்துவின் சிநேகிதர் என்ற முறையில் ராக்கப்பன் அதில் சொல்லியிருந்தார். செல்லத்தாய் வெளி வராந்தாவில், தூணுக்குப் பின்னால் நின்றாள். பால்பாண்டி அவளுக்கும் அறைக்கும் நடுவில் நிலைவாசலில் சாய்ந்துகொண்டான்.

“ஆள் கிடைச்சாச்சு சார்,” என்றாள் பரிபூரணம். “தவசிமுத்து சம்சாரம் செல்லத்தாய். அடிச்சதை ஒத்துக்கிட்டாங்க.”

ராக்கப்பனின் கண்ணில் ஒரு கணம் என்னவோ வந்து போனது. பிறகு முகம் இறுகியது. “அவளா. புருசனோடயே போயிருக்க வேண்டியவ. இவ்வளவு நாளும் இருந்துக்கிட்டு இப்ப எனக்குக் குழி பறிக்கிறாளா? உள்ள தள்ளுங்க அவளை.”

“தள்ளிரலாம். இவர் மலைச்சாமி. கோர்ட்டு விஷயமெல்லாம் இவருக்கு அத்துப்படி. அவர்தான் ஒரு சிக்கல் சொல்றாரு.”

“என்ன?”

மலைச்சாமி தொண்டையைச் செருமினார். “தாளைப் பாத்தா வெறும் கோடா இருக்குங்க. எழுத்து தெரிஞ்சாத்தான் மிரட்டல். இல்லைன்னா அந்தம்மா, ‘ஐயா, நான் படம் போட்டு அனுப்புனேன்’னு சொல்லிட்டு வீட்டுக்குப் போயிரும்.”

“ஜட்ஜுக்குப் பழகுன கண்ணு கிடையாதுல்ல சார்,” என்றான் பால்பாண்டி நிலையிலிருந்து. “அவரு கண்ணாடி வேற போட்டிருப்பாரு.”

ராக்கப்பன் நகத்தைக் கடித்தார். வாசலில் யாரோ மாலையோடு கூப்பிட்டார்கள். கையை ஆட்டிப் போகச் சொன்னார். பால்பாண்டி மூச்சைப் பிடித்துக்கொண்டு அவரையே பார்த்தான். ஒரு பெண்ணை ஜெயிலில் தள்ளுகிற ஆசையும், ஏதோ ஒரு பயமும் அந்த முகத்தில் மாறி மாறி ஏறி இறங்கின. இந்த ஆள் மட்டும் இப்போது ‘வேண்டாம், விட்டுருங்க’ என்று சொல்லிவிட்டால் அவ்வளவுதான். வராந்தாவில் நிற்கிறவளுக்கு மறுபடியும் கையில் ஒன்றுமில்லை, டின்னைத் தவிர.

“எத்தனை வருசம் உள்ள போடலாம்?” என்று கேட்டார் ராக்கப்பன்.

“எழுத்து தெரிஞ்சா, நல்லாவே போடலாம்,” என்றார் மலைச்சாமி.

ஆசை ஜெயித்தது. ராக்கப்பன் உள்ளறைக்குப் போனார். பீரோ திறக்கிற சத்தம் கேட்டது. தட்டையான ஒரு தகரப் பெட்டியோடு வந்தார். அதிலிருந்து ஒரு பழைய ஃபிலிமை எடுத்து, அடியில் குழல் விளக்கு எரிந்த கண்ணாடி மேஜையில் பரப்பினார். அதன்மேல் முதல் தாளை வைத்தார். நுனிவிரலால் நகர்த்தினார்.

அலை புரண்டது. எழுத்து எழும்பியது.

“கொண்டி,” என்று அவரே வாய்விட்டுப் படித்தார். இரண்டாவது தாளை வைத்தார். “போட்டது.” மூன்றாவதையும் வைத்தார். “நீ. பாத்தீகளா? இதை விட என்ன வேணும்?”

“போதும் சார்,” என்றாள் பரிபூரணம். “அடியில இருக்கிற ஃபிலிம் யாரோடது?”

“என்னோடது. நான் போட்ட படம்.”

“எப்பப் போட்டது?”

“போன வருசம்.”

“ஓரத்துல ஒரு கட்டைவிரல் பதிஞ்சிருக்கே?”

“என் விரலாத்தான் இருக்கும்.”

“உங்க கட்டைவிரல்ல வடு இல்லையே சார்.” அவள் திரும்பினாள். “பாண்டி, அவங்களை வரச் சொல்லு.”

சொல்ல வேண்டியிருக்கவில்லை. செல்லத்தாய் ஏற்கெனவே பால்பாண்டியைத் தாண்டி உள்ளே வந்துவிட்டாள். நேராக விளக்கு மேஜைக்குப் போனாள். இடது கட்டைவிரலை ஃபிலிமின் ஓரத்துக்குப் பக்கத்தில் ஊன்றினாள். அடியிலிருந்து வந்த வெளிச்சத்தில், பதிந்த ரேகைக்குக் குறுக்கே ஓடிய வடுவும் அவள் விரலின் வடுவும் கூடப் பிறந்தவைபோல் கிடந்தன.

ராக்கப்பன் இரண்டடி பின்வாங்கினார். மலைச்சாமி வாசலை மறித்தார்.

“சப்-இன்ஸ்பெக்டர் மலைச்சாமி,” என்று இந்த முறை தானே அறிமுகம் செய்துகொண்டார். “எல்லாம் எரிஞ்சு போச்சுன்னு எழுதிக் கொடுத்தீங்க. அன்னைக்கு ஊர்லயே இல்லைன்னீங்க. அன்னைக்குக் காலையில பிறந்த ஃபிலிம் உங்க பீரோவுல இருக்கு.”

“நீங்க கண்டுபிடிக்கச் சொன்ன ஆளு இவங்கதான் சார்,” என்றான் பால்பாண்டி. “தாளைப் படிக்கத் தெரிஞ்ச ஆளைத்தான் இவங்க தேடுனாங்க. நீங்களே பணம் கொடுத்து எங்களை அனுப்பி வச்சிட்டீங்க. அட்வான்ஸை அக்கா திருப்பித் தந்துருவாங்க.”

ராக்கப்பன் மேஜையின் விளிம்பைப் பிடித்தார். சுவரிலிருந்த படங்கள் எல்லாம் அவரைச் சுற்றிச் சுழன்றுகொண்டிருந்தன.

“நான் அவனைக் கொல்லணும்னு போகல,” என்றார். “அவன் படத்தை டெல்லிக்கு என் பேர்ல அனுப்பிட்டேன்னு தெரிஞ்சு, ஊரைக் கூட்டுவேன்னான். படத்தை மட்டும் எடுத்துட்டுப் போயிரலாம்னுதான் கொண்டியைப் போட்டேன். பொறவு தீ…”

“அதெல்லாம் கோர்ட்டுல சொல்லு,” என்றாள் செல்லத்தாய். குரல் உயரவில்லை. “எனக்கு ஒண்ணுதான் தெரியணும். எட்டு வருசமா அது ஒண்ணுதான் என் காதுல கேட்டுக்கிட்டு இருக்கு. உள்ள இருந்து அவுக கூப்பிட்டாகளா?”

ராக்கப்பன் மேஜையில் எரிந்த விளக்கைப் பார்த்தார்.

“கேக்கேன்ல. கூப்பிட்டாகளா?”

“கூப்பிட்டான்.”

“யாரை?”

ராக்கப்பனின் உதடு ஒட்டிக்கொண்டது. “என்னைத்தான்,” என்றார். “நான் வெளிய நிக்கிறது அவனுக்குத் தெரியும். ‘ராக்கா, கொண்டி தானா விழுந்துருச்சு போல, திறந்து விடுடா’ன்னான்.”

பால்பாண்டி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். பரிபூரணம் கண்ணை மூடினாள்.

செல்லத்தாய் அழவில்லை. “உன்னைய நம்பிக்கிட்டேதான் செத்தாகளா,” என்றாள். அதைத் தனக்கே இன்னொரு முறை சொல்லிக்கொண்டாள். பிறகு மலைச்சாமியிடம் திரும்பினாள். “சார், ஜீப்பு வரச் சொல்லியிருக்கீகளா?”

“வாசல்ல நிக்குதும்மா.”

“ஜீப்பு வேண்டாம். ஸ்டேஷன் பக்கந்தானே. நடத்திக் கூட்டிட்டுப் போங்க.”

மலைச்சாமி பரிபூரணத்தைப் பார்த்தார். அவள் ஒன்றும் சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

மாலையோடு நின்றவர்கள் விலகி வழிவிட்டார்கள். யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. பஜாரில் துணிக்கடைக்காரர் இறங்கி வந்து பார்த்தார். கண்காட்சி மண்டபத்துக்கு முன்னால் நாற்காலி இறக்கிக்கொண்டிருந்தவர்கள் கையிலிருந்ததை அப்படியே வைத்துக்கொண்டு நின்றார்கள். நடுத்தெருவில், பகல் வெயிலில், வெள்ளை ஜிப்பாவில் ராக்கப்பன் நடந்தார். பக்கத்தில் மலைச்சாமி. அவர்களுக்குப் பின்னால் ஒரு கையெட்டும் தூரத்தில், புடவையில் காய்ந்துபோன பச்சை மையோடு செல்லத்தாய்.

ராக்கப்பன் திரும்பிப் பார்த்தார். அவள் இருந்தாள். மணிக்கூண்டு தாண்டி மறுபடியும் திரும்பிப் பார்த்தார். அதே தூரத்தில் இருந்தாள். பார்வையை அவர்மேலிருந்து எடுக்கவே இல்லை.

“அக்கா, ஸ்கூட்டரை எடுக்கட்டா?” என்று கேட்டான் பால்பாண்டி.

“நடலே,” என்றாள் பரிபூரணம். “அவங்க தனியாப் போக வேண்டாம்.”